முடியில்லா மலைநாடு

நுழையும்முன்

கதைக்கென ஒரு புதிய நாட்டைப் படைப்போர் முதலில் அரியணையை அமைப்பர். அதன்பின் அதனைச் சூழ உயர்குடிகளை நிறுத்துவர். அரியணையே இல்லாத நாடு ஒன்று இருக்க இயலுமா? நீலகிரி மலையின் மேல் அத்தகைய நாடு ஒன்று பல தலைமுறைகள் நிலவியது. அங்கு வழக்குகள் தீர்க்கப்பட்டன; கடமைகள் வகுக்கப்பட்டன; தலைவர்களும் இருந்தனர். ஆனால், முடிசூடியவர் எவரும் இலர். அந்நாட்டின் ஆட்சிமுறையையும், மன்னன் இல்லாமையால் அதற்கு நேர்ந்த இழப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

கதையில் வரும் நாடு

அரச கதைகளில் நாடுகள் அமைக்கப்படும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் தலைநகர் இருக்கும். அதனைக் கோட்டை காக்கும். அரியணைக்கு உரிமை கோரிச் சில குலங்கள் தம்முள் போரிடும். ஒவ்வொரு குலத்திற்கும் தனிக்கொடியும் இலச்சினையும் இருக்கும். அமைச்சர் சூழ்வர், ஒற்றர் திரிவர், இறுதியில் உரியவர் முடி சூடுவார்.

இக்கற்பனை வெறும் வானத்தில் முளைத்ததன்று. தமிழ் மண்ணில் வில், புலி, கயல் ஆகிய பொறிகளை உடைய மூவேந்தர் ஆண்டனர். அவர்களுக்குக் கீழும் அவர்களை எதிர்த்தும் வேளிர் முதலிய குறுநிலத் தலைவர்கள் விளங்கினர். அமைச்சு, அரண், பொருள், படை, நட்பு, குடி என்னும் ஆறினையும் உடையவனே சிறந்த அரசன் என்று வள்ளுவர் வகுத்தார். ஆகவே நாடு என்றதும் அரசனை எண்ணுவது நெடுங்காலப் பழக்கமாயிற்று.

இப்பழக்கத்திற்கு விலக்குகளும் உலகில் உண்டு. ஐசுலாந்துத் தீவில் குடியேறியோர் 930ஆம் ஆண்டளவில் ‘ஆல்திங்’ என்னும் பொதுமன்றத்தை அமைத்தனர். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அங்கு அரசர் என எவரும் இலர். வட அமெரிக்காவின் இராக்குவாய் மக்கள் தம்முள் ஐந்து இனங்களை இணைத்து ஒரு கூட்டமைப்பாக வாழ்ந்தனர். பின்னர் ஆறாவது இனமும் அதில் சேர்ந்தது. அக்கூட்டமைப்பின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குலத் தாயரிடம் இருந்தது. தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள நீலகிரியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

அருவங்காட்டைச் சூழ்ந்த சீமை

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலைத்தொடர்வண்டி வெலிங்டனைக் கடந்ததும் அருவங்காட்டில் நிற்கும். இவ்வூரில் 1903ஆம் ஆண்டளவில் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீரிலிருந்து அதற்கு மின்னாற்றல் எடுக்கப்பட்டது. இன்று இவ்வூரில் ஒன்றிய அரசின் தொழிற்சாலை, இருப்புப்பாதைத் துறை, மாநில அரசு, ஜெகதளா பேரூராட்சி எனப் பல அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

பேரூராட்சிக்குப் பெயர் தந்த ஜெகதளா, அருவங்காட்டுக்கு மேலே சரிவில் அமைந்த பழமையான படுகர் ஊராகும். வெலிங்டன் படைமுகாமும் தொடக்கத்தில் இவ்வூரின் பெயராலேயே வழங்கப்பட்டது. தொழிற்சாலையும் முகாமும் தோன்றுவதற்கு முன்பே இச்சரிவுகள் ஓர் ஆட்சி எல்லைக்குள் அடங்கியிருந்தன. அதன் பெயர் பொரங்காடு சீமை. இன்றும் படுகர் மக்களின் விழாக்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் அப்பெயர் வழங்கி வருகிறது.

நான்கு மலைகளின் நாடு

படுகரின் பேச்சுமொழி கன்னடத்தோடு நெருங்கிய உறவுடைய திராவிட மொழியாகும். அவர்களுடைய முன்னோர் மைசூர்ப் பகுதியிலிருந்து பல காலங்களில் மலையேறி வந்தவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர்கள் தம் வாழிடங்களைப் பொரங்காடு, தொதநாடு, மேற்குநாடு, குந்தை என நான்கு சீமைகளாகப் பகுத்தனர். இந்நான்கும் சேர்ந்தது ‘நாக்குபெட்டா’ எனப்பட்டது. ‘நாக்கு’ என்றால் நான்கு. ‘பெட்டா’ என்றால் மலை. நான்கு மலைகளின் நாடு என்பது இதன் பொருள்.

இந்நாட்டின் ஆட்சி கீழிருந்து மேலாகக் கட்டப்பட்டது. படுகர் ஊர் ‘ஹட்டி’ எனப்படும். ஒவ்வொரு ஹட்டிக்கும் ஊர்த்தலைவர் ஒருவர் உண்டு. சில ஹட்டிகள் சேர்ந்து ஓர் ஊர்த்தொகுதியாகும். அதற்கும் தலைவர் உண்டு. தொகுதிகள் சேர்ந்தது சீமை. நான்கு சீமைகளுக்கும் பொதுவான தலைவர் தொதநாட்டிலுள்ள தூனேரியைச் சேர்ந்தவர். தலைமை குறிப்பிட்ட குடும்பங்களில் வழிவழியாக வந்தது. கதைகளில் வரும் உயர்குடிகளை இக்குடும்பங்கள் ஓரளவு ஒத்தவை எனலாம்.

ஒற்றுமை அவ்வளவோடு முடிகிறது. இத்தலைவர்களுக்குக் கோட்டை இல்லை, நிலைப்படை இல்லை, சிறைச்சாலையும் இல்லை. அவர்களும் பிறரைப் போல உழுது பயிரிட்டே உண்டனர். ஊர்க்கூட்டத்தைக் கூட்டுவதும், முதியோர் கூறுவதைக் கேட்பதும், அனைவரும் ஏற்கும் முடிவை அறிவிப்பதுமே அவர்களுடைய பணி. எல்லைத் தகராறு, பாகப்பிரிவினை, மணமுறிவு, கடன், வழக்கமீறல் ஆகியன கூட்டத்தின் முன் வந்தன. ஊரில் தீராத வழக்கு தொகுதிக்குச் சென்றது. அங்கும் தீராதது சீமைக்குச் சென்றது. தண்டம் விதிப்பதும், மிகக் கொடிய குற்றத்திற்கு ஊரைவிட்டு விலக்குவதுமே தண்டனைகள். அடுத்த வீட்டாரின் துணையின்றி வாழவியலாத மலையில், ஊர்விலக்கே சிறையினும் கொடிதாக அஞ்சப்பட்டது.

மந்தும் கோக்காலும்

நாக்குபெட்டா படுகருக்கு மட்டும் உரிய தனிநாடன்று. அதே புல்வெளிகளிலும் சோலைகளிலும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரும் வாழ்ந்தனர். ஒவ்வோர் இனமும் தன் உள்வழக்குகளைத் தானே தீர்த்துக்கொண்டது.

தோடர் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய குடியிருப்பு ‘மந்து’ எனப்படும். தோடரை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டு பெருநூல் ஒன்றை வெளியிட்ட ஆங்கிலேய அறிஞர் ரிவர்ஸ், அவர்களிடையே இரு பெரும் பிரிவுகளும் ஒவ்வொன்றிலும் பல குலங்களும் இருந்ததைப் பதிவு செய்துள்ளார். அவர்களுடைய பொதுமன்றம் ஐவரைக் கொண்டது. அவர்களுள் நால்வர் தோடர், ஐந்தாமவர் படுகர். ஓர் இனத்தின் வழக்கை விசாரிக்கும் மன்றத்தில் அண்டை இனத்தவர் ஒருவருக்கு இருக்கை அளிக்கப்பட்டிருந்தது.

தோடர் சமூகத்தில் மிக உயர்ந்த மதிப்புப் பெற்றவர் மன்றத் தலைவரும் அல்லர். புனித எருமை மந்தையைப் பேணி, அதற்குரிய பால்மனையில் பணிபுரியும் ‘பாலோல்’ என்பவரே அவர். அவர் குடும்பத்தைப் பிரிந்து தனித்து வாழ வேண்டும். கடுமையான நோன்புகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பிறர் அவரைத் தொடாமல் விலகி நின்றே பேசினர். இவ்வமைப்பில் மற்றொரு நுட்பமும் இருந்தது. புனித மந்தைகள் தோடரின் ஒரு பிரிவுக்கு உரியவை. அவற்றைப் பேணும் பாலோலோ மறுபிரிவிலிருந்தே வரவேண்டும். உடைமை ஓரிடத்திலும் புனிதப் பொறுப்பு வேறோரிடத்திலும் வைக்கப்பட்டமையால், ஒரு பிரிவு மற்றொன்றை முற்றிலும் ஒதுக்கிவிட இயலவில்லை.

கோத்தர் கைவினைஞர்கள். இரும்படித்தல், மட்கலம் வனைதல், மரவேலை, இசை ஆகியவற்றில் வல்லவர்கள். அவர்களுடைய ஊர் ‘கோக்கால்’ எனப்படும். நீலகிரி முழுவதிலும் ஏழு கோக்கால்களே உள்ளன. ஒவ்வொரு கோக்காலிலும் தெருவடிவில் அமைந்த குலப்பிரிவுகள் உண்டு. ஊர்த்தலைவர், கோயிற் பூசகர், ஊர்க்கூட்டம் என மூன்று பொறுப்புகளும் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தன. கோத்தகிரி என்னும் ஊர்ப்பெயர் இம்மக்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

எழுதாச் சட்டம்

தனித்தனி மன்றங்களை உடைய இவ்வினங்களை ஒரு நாடாக இணைத்தது எது? அரசாணை இல்லை, பொதுப்படை இல்லை. கொடுக்கல் வாங்கலே அவற்றை இணைத்தது.

தோடர் பாலும் நெய்யும் அளித்தனர். படுகர் ராகி, சாமை முதலிய தானியங்களை அளித்தனர். கோத்தர் அரிவாள், மண்வெட்டி, பானை ஆகியவற்றைச் செய்து தந்ததோடு, சாவுச் சடங்குகளில் இசையும் முழக்கினர். குறும்பர் தேன், மூங்கில் முதலிய காட்டுப்பொருள்களைக் கொணர்ந்தனர்; தீங்கு நீக்கும் மந்திரம் அறிந்தவர்களாகவும் கருதப்பட்டனர். இது சந்தை வணிகமன்று. ஒரு படுகர் குடும்பத்திற்கு இன்ன கோத்தர் குடும்பம் என உறவு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. தந்தைக்குப்பின் மகனும் அவ்வுறவைத் தொடர்ந்தான். அறுவடை முடிந்ததும் தோடருக்கு உரிய பங்கு சென்றாக வேண்டும். ‘கூடு’ எனப்பட்ட இத்தானியப் பங்கு பிற்காலத்தில் பெரும் வழக்கொன்றின் மையமாயிற்று.

இக்கடமைகள் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. எனினும் அவற்றை மீறியவர் எளிதில் தப்பவியலாது. கோத்தர் சினந்து இசைக்க மறுத்தால் படுகரின் சாவு முறையாக நடவாது. கலப்பைக்குக் கொழுவும் கிடைக்காது. படுகர் தானியம் தர மறுத்தால் கோத்தர் உலையில் நெருப்பிருந்தும் அடுப்பில் சோறிராது. மன்னனின் வாள் செய்யும் வேலையை இங்குப் பிறரின் தேவை செய்தது.

சமவெளி முடிகள்

மலையின் மீது சமவெளி அரசர்களின் பார்வை விழாமல் இல்லை. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. தோடரைக் குறிப்பிடும் மிகப்பழைய எழுத்துச் சான்று இதுவே. பின்னர் மைசூர் அரசின் ஆட்சியும் இங்கு எட்டியது. மலைவிளிம்பில் உள்ள மலைக்கோட்டை, உலிக்கல் துருகம் போன்ற அரண்கள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. ஆயினும் வரி பெறுவதோடு அவ்வரசுகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. ஊர்க்கூட்டங்களின் வேலையை அவை ஏற்கவில்லை.

நீலகிரியின் மேற்குப் பகுதியான கூடலூரின் நிலை வேறு. மலபாரின் பகுதியாக இருந்த தென்கிழக்கு வயநாடு 1877ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. அங்கு நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர்க் கோவிலகம் என்னும் அரசகுடும்பத்தின் ‘சென்மம்’ உரிமையில் இருந்தது. அக்கோவிலகம் குத்தகைக்கு விட்ட நிலங்களில் தோட்டங்கள் எழுந்தன. இவ்வுரிமையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றியது. அதன்பின்னும் நிலவழக்குகள் நீதிமன்றங்களில் நெடுங்காலம் தொடர்ந்தன. ஒரே மாவட்டத்தில் மேற்கே அரசகுடும்பத்தின் உரிமையும் நடுவே மன்றங்களின் உரிமையும் இருந்தன. இரண்டினுள் எது அரசு ஏடுகளில் உரிமையாக ஏற்கப்பட்டது என்பதே அடுத்து வரும் வரலாறு.

மன்னன் இல்லையேல் மண் யாருக்கு?

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு நீலகிரிக்கு ஏறிவந்தார். சில ஆண்டுகளில் உதகையில் வீடு கட்டிக் குடியேறினார். அவரைத் தொடர்ந்து அதிகாரிகளும் படைவீரர்களும் தோட்டக்காரர்களும் வந்தனர். அவர்களுக்கு நிலம் தேவைப்பட்டது. அந்நிலத்தை யாரிடம் பெறுவது என்னும் வினா எழுந்தது.

நிலம் தோடருக்கே உரியது என்று சல்லிவன் வாதிட்டார். படுகர் ஆண்டுதோறும் அளித்த ‘கூடு’ அவ்வுரிமைக்குச் சான்று என்பது அவர் கருத்து. குத்தகைதாரர் நிலக்கிழாருக்கு அளிக்கும் வாரத்தைப் போன்று அதனை அவர் கண்டார். சென்னை மாகாண ஆளுநர் லஷிங்டன் உள்ளிட்டோர் இதனை ஏற்கவில்லை. கூடு என்பது மனமுவந்து தரும் கொடையே. தோடருக்கு எருமை மேய்க்கும் வழக்கம் உண்டேயன்றி நில உரிமை இல்லை என்று அத்தரப்பு வாதிட்டது. நெடுங்கால விவாதத்திற்குப்பின் இரண்டாம் கருத்தே நிலைபெற்றது. மந்துகளைச் சுற்றிச் சிறு நிலப்பரப்புகள் தோடருக்கு ஒதுக்கப்பட்டன. எஞ்சிய புல்வெளியும் சோலையும் அரசின் நிலமாயின. அவற்றில் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் பரவின.

இவ்விவாதத்தில் இரு தரப்பினருமே ஒரே பிழையைச் செய்தனர். கூடு என்பது வாரமும் அன்று. வெறும் கொடையும் அன்று. பால், இரும்பு, இசை, தேன் ஆகியவற்றோடு பின்னிய கடமைகளின் ஓர் இழை அது. அவ்விழையைத் தனியே உருவி எடுத்து, தமக்குத் தெரிந்த நிலக்கிழார் சட்டத்தின் அளவுகோலால் அளந்தனர். அரசனோ பட்டயமோ இல்லாத இடத்தில் பலரும் பகிர்ந்து துய்க்கும் உரிமை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கோவிலகத்திற்கு அரசகுலப் பெயர் இருந்தது. ஆதலால் அதன் உரிமை ஏட்டில் ஏறியது. மந்துக்கு அப்பெயர் இல்லை. ஆதலால் அதன் புல்வெளி உடைமையற்ற நிலமாக எண்ணப்பட்டது.

ஆட்சிமுறையும் மெல்ல மாறியது. நான்கு சீமைகளின் பெயர்களை ஆங்கிலேயர் வருவாய்ப் பிரிவுகளுக்குச் சூட்டினர். வரி தண்டவும் ஆணைகளை அறிவிக்கவும் மணியகாரர்கள் அமர்த்தப்பட்டனர். முன்னர் ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்த தலைமை, இப்போது மேலதிகாரிக்குப் பதில் சொல்வதாயிற்று. 1868ஆம் ஆண்டு நீலகிரி தனி ஆணையரின் கீழ் வந்தது. 1882ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்றார்.

கடமைகளின் பின்னலைச் சந்தையும் அறுத்தது. கடைகளில் இரும்புக் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. உருளைக்கிழங்கும் பின்னர்த் தேயிலையும் பணம் தந்தன. 1930களில் படுகரிடையே கோத்தர் இசையை விலக்கும் கருத்து வலுத்தது. கோத்தரிடையேயும், பிறர் வீட்டுச் சாவுக்கு இசைப்பது தம் மதிப்பைக் குறைக்கிறது என்னும் எண்ணம் எழுந்தது.

தராசின் மறுதட்டு

முடியில்லா நாட்டைக் குறையில்லா நாடாகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. கோத்தர் கருவியும் இசையும் இன்றிப் பிறர் வாழவியலவில்லை. எனினும் கோத்தர் தாழ்வாகவே நடத்தப்பட்டனர். அவர்கள் எழுப்பிய மறுப்புக்குரல் இத்தாழ்வை ஏற்காமையின் விளைவேயாகும். நோயும் சாவும் நேர்ந்தபோது குறும்பர் மீது மாந்திரீகப் பழி சுமத்தப்பட்டது. அப்பழியால் அவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு. அவர்களைக் காக்க எந்த மன்றமும் முன்வரவில்லை.

தலைமை பிறப்பால் வந்தமையால் தகுதியுடைய பிறருக்கு அது கிட்டவில்லை. பெண்களின் நிலை இதனினும் வேறு. படுகர் மக்கள் போற்றும் முதன்மைத் தெய்வம் ஹெத்தையம்மன் என்னும் மூதாட்டி. பேரகணியில் அவளுக்கு நடைபெறும் விழாவில் சீமை முழுவதும் திரளும். தெய்வமாகப் பெண்ணை வைத்த அச்சமூகம், வழக்குரைக்கும் கூட்டத்தில் பெண்ணுக்கு இருக்கை வைக்கவில்லை. தலைவரைத் தேரும் உரிமையைத் தாயரிடம் வைத்த இராக்குவாய் மக்களோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

பழந்தமிழகத்தின் உள்ளாட்சிக்கும் இத்தகைய எல்லைகள் இருந்தன. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன; சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. இவ்வளவு நுட்பமான விதிகளை வகுத்த அவையில் நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவரே இடம்பெற்றனர். மன்றம் என்பது நல்ல அமைப்பே. ஆனால், அதில் யார் அமரலாம் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமையும்.

வாக்குச்சீட்டும் கிராம சபையும்

இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தேர்தலும் கிராம சபையும் அரசியலமைப்பின் பாதுகாப்பைப் பெற்றன. தலைமை பிறப்பால் அன்றி வாக்கால் வரலாயிற்று. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு அது ஐம்பது விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பழைய கூட்டத்தில் பேச்சுரிமை இல்லாதிருந்தோருக்கு இது புதிய வாயில்.

நிலம் குறித்த பழைய வினாவும் மீண்டும் எழுந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களுக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டது என்பதை வெளிப்படையாக ஏற்றது. தனி மனிதரின் பட்டாவோடு ஊரார் பொதுவில் துய்க்கும் உரிமையையும் அது உரிமையாக மதித்தது. அதனைத் தீர்மானிக்கும் நடைமுறை கிராம சபையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கில், அங்குள்ள கிராம சபைகளின் முடிவைக் கேட்குமாறு உச்சநீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஆணையிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. அரசனும் பட்டயமும் இல்லாத மலைமக்களின் சொல் சட்டத்தின் முன் எடைபெற்றது.

அருவங்காட்டைச் சூழ்ந்த சரிவுகளில் இன்று இரு அமைப்புகளும் அருகருகே இயங்குகின்றன. விழாவுக்கும் சாவுக்கும் சீமையும் ஊர்த்தலைவரும் வேண்டும். குடிநீருக்கும் சாலைக்கும் பேரூராட்சி வேண்டும். முன்னது உறவைப் பேணுகிறது. பின்னது சமவுரிமையைத் தருகிறது. ஊர்க்கூட்டத்தில் பழகிய பொறுமையான உரையாடலும், வாக்குச்சீட்டு அளித்த சம இருக்கையும் ஒரே அவையில் சேர்வதே முடியாட்சி அறியாத அம்மலை எட்ட வேண்டிய அடுத்த படி. அவ்வவையில் தோடப் பெண்ணும் குறும்ப இளைஞனும் எழுந்து பேசும்போது, பிறர் அமர்ந்து கேட்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினர் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசால் அறியப்பட்டுள்ளனர். இவ்வாறு பழங்குடியினரும் நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றனர்.

சொல்லும் பொருளும்

இலச்சினை – முத்திரை
துய்த்தல் – நுகர்தல்
மந்து – தோடர் குடியிருப்பு
கோக்கால் – கோத்தர் ஊர்
ஹட்டி – படுகர் ஊர்
கூடு – படுகர் தோடருக்கு அளித்த தானியப் பங்கு
கொழு – ஏர்முனையில் பொருத்தும் இரும்பு
சென்மம் – மலபார் பகுதியில் வழங்கிய பரம்பரை நிலவுரிமை
தண்டுதல் – வசூலித்தல்
குடும்பு – ஊரின் உட்பிரிவு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மரபுவழி ஊர்க்கூட்டம் இயங்கிய முறையை முதியோரிடம் கேட்டறிந்து, அதில் யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதைக் குறித்து வகுப்பில் உரையாற்றுக.

2. கதை ஒன்றிற்காக அரசன் இல்லாத நாடு ஒன்றைப் படைக்க வேண்டும் எனக் கொள்க. அந்நாட்டில் வழக்குகள் தீர்க்கப்படும் முறையையும் நிலம் பகிரப்படும் முறையையும் ஒரு பக்க அளவில் எழுதுக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா

1. நாக்குபெட்டா – பெயர் விளக்கம் தருக.
2. தோடர் மன்றத்தின் அமைப்பில் காணப்படும் தனிச்சிறப்பு யாது?
3. ஊர்விலக்கு சிறையினும் கொடிதாகக் கருதப்பட்டது ஏன்?

சிறுவினா

1. நீலகிரி இனங்களை இணைத்த கொடுக்கல் வாங்கல் உறவை விளக்குக.
2. ‘மன்றம் என்பது நல்ல அமைப்பே. ஆனால், அதில் யார் அமரலாம் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமையும்’ – இக்கூற்றை உத்திரமேரூர், நீலகிரி ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.

நெடுவினா

‘கூடு’ குறித்து எழுந்த இரு கருத்துகளையும் தொகுத்துரைத்து, அவ்விரண்டும் பிழைபட்டமைக்கான காரணத்தை ஆராய்க. கிராம சபை இப்பிழையைத் திருத்தவல்லதா என்பது குறித்து உங்கள் கருத்தைச் சான்றுகளுடன் எழுதுக.